புதுப்பிப்பு: அம்மாவின் படங்கள் கிடைத்துவிட்டன

மடிக்கணினி 10 நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்து நீலத்திரை காட்டுகிறது, அம்மாவின் கடைசி 2 வருடப் படங்கள் அதில் சிக்கியிருக்கின்றன என்று போன வாரம் எழுதியிருந்தேன். "செக்டிஸ்க் (விண்டோஸின் வட்டுப் பிழை திருத்தும் நிரல்) ஓட்டாதீர்கள், முதலில் நகல் எடுங்கள்" என்று தடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அக்காவின் கணினியில் இணைத்தேன். பென் டிரைவிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் துவக்கி, பழுதான வட்டுகளை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரல் மூலம் 500 ஜிபி முழுவதையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்தேன். எளிதில் வாசிக்க முடிகிற பகுதிகளை அது முதலில் எடுத்துக்கொள்கிறது. பழுதானவற்றைக் கடைசிக்கு ஒதுக்குகிறது. எதுவரை வந்தோம் என்பதை மேப் கோப்பு என்ற தனிக் கோப்பில் குறித்துவைப்பதால், இடையில் இரண்டு முறை இணைப்பு அறுந்தும் விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது. பழைய வட்டின் டக், டக் என்ற சத்தத்தைக் கேட்டபடி இரண்டு இரவுகள் விழித்திருந்தேன்.

கோப்புறைகள் சிதைந்திருந்ததால் நகலின் மேல் ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்பு நிரலை ஓட்டினேன். கோப்பின் தொடக்க பைட்டுகளை அடையாளம் கண்டு மீட்பதால் பழைய பெயர்கள் வராது, வெறும் எண்கள்தான். ஒன்றைத் திறந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, முறத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார். படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் பட்டை. முகம் இருக்கிறது, எனக்கு அது போதும்.

மடிக்கணினியில் புதிய எஸ்எஸ்டி (சில்லுகளில் சேமிக்கும் வட்டு) போட்ட பிறகும் அது உறைந்தது. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓட்டியதில் இரண்டு ரேம்களில் (நினைவகத் தகடுகளில்) ஒன்று பிழை காட்டியது. அதைக் கழற்றிய பின் 4 நாட்களாக ஒருமுறைகூட உறையவில்லை. வட்டை மாற்றியும் தொல்லை தீராதவர்கள் ரேமையும் சோதித்துவிடுங்கள்.

படங்களின் இன்னொரு நகல் இப்போது அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது.