புதுப்பிப்பு: மருமகன்ர துவக்குப் பயிற்சி

போன கிழமை எழுதினனான்: அமெரிக்காவில இருக்கிற அக்கான்ர மகன் சனி, ஞாயிறு 'அப்பிள்சீட்' எண்ட ரைபிள் பயிற்சிக்குப் போறான், வன்னியில இருக்கிற எனக்கு மனம் ஒப்பேல்லை எண்டு.

நேற்றுக் கோல் எடுத்தான். ஆள் சுகம், முழங்கைதான் உரசிப்போச்சாம். இலக்கு 25 மீற்றரிலதான். ஆனா தாளில உருவங்களைச் சின்னனாக்கி, 100 யாரில (கெஜம்) இருந்து 400 யார் வரைக்கும் தள்ளி நிக்கிறமாதிரிக் காட்டுவினமாம். 40 வெடி, 250 புள்ளி. 210 எடுத்தாத்தான் 'ரைபிள்மன்'. இவனுக்கு 168. "மாமா, மூச்சை விட்டு முடிஞ்ச இடைவெளியிலதான் விசையை அமத்தோணும்" எண்டு எனக்குப் படிப்பிக்கிறான்!

இடையில அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கின 1775 ஏப்ரல் 19, லெக்சிங்டன் சண்டைக் கதையும் சொல்லுவினமாம்.

எனக்குப் பிடிச்சது வேற. தாள் பாக்க ஆக்கள் முன்னுக்குப் போனா, ஒருத்தரும் துவக்கைத் தொடேலாது. துவக்கில தோட்டா இருக்கிற அறை வெறுமை எண்டு காட்ட ஒரு கலர்க்கொடியும் செருகவேணும். இஞ்ச காட்டுக்கரையில பண்டிக்குக் கட்டுத்துவக்கு (கம்பியில தட்டுப்பட்டா தானா வெடிக்கிற பொறி) வைக்கிறவைக்கு ஆர் கொடி குடுக்கிறது?

படம் கேட்டவைக்கு: அனுப்பினது ஓட்டைத் தாள் மட்டும்தான். அக்கா அதை ஃபிரிட்ஜில ஒட்டியிருக்கிறா. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை.