வெள்ளை எமல்ஷன்: கான்ட்ராஸ்ட் ரேஷியோ ஒவ்வொரு டிராடவுனுக்கும் மாறுகிறது, எதை நம்புவது?

எமல்ஷன்லேப்:
உள்சுவர் வெள்ளை எமல்ஷன். 150 மைக்ரான் பார் அப்ளிகேட்டரால் கறுப்பு-வெள்ளை கார்டில் பெயின்ட்டை இழுத்து (இதுதான் டிராடவுன்), ஒரு நாள் காயவிட்டு, ஸ்பெக்ட்ரோவில் (நிறம் அளக்கும் கருவி) கறுப்பின் மேல் வரும் ஒய் மதிப்பை (எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பது) வெள்ளையின் மேல் வரும் ஒய் மதிப்பால் வகுத்து சதவீதமாக எழுதுகிறோம். இதுதான் கான்ட்ராஸ்ட் ரேஷியோ, பெயின்ட் அடியை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு. ஒரே டப்பாவுக்கு 93.2, 95.6, 94.1 என்று வருகிறது. டைட்டானியத்தை (மறைக்கும் வெள்ளை பிக்மென்ட், டைட்டானியம் டையாக்சைடு) 1 சதவீதம் குறைத்து கால்சைட் (கால்சியம் கார்பனேட் பொடி) கூட்டிய பேட்ச் 95.0 காட்டுகிறது! குறைத்தது சரிதானா?

படலம்:
அந்த நான்கு எண்ணையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது சார். 150 என்பது பாரின் இடைவெளி. இழுத்தபின் ஈரமாக நிற்பது அதில் பாதியும் இருக்கலாம், முக்காலும் இருக்கலாம். பெயின்ட்டின் கெட்டி, கையின் வேகம், பார் விளிம்பின் தேய்மானம் எல்லாமே அதை மாற்றும். கனம் தெரியாத ரேஷியோ ஒப்பிட உதவாது.

கார்டை விடுங்கள், 30–50 மைக்ரான் பாலியெஸ்டர் ஃபிலிமில் இழுங்கள் (ஐஎஸ்ஓ 6504-3 வழி). கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு எம்டிஓ (மினரல் டர்பென்டைன்) விட்டு ஃபிலிமைப் படிய வைத்தால் சுருங்காது. காய்ந்ததும் 10×10 செ.மீ. துண்டு வெட்டி எடை போட்டு, அதே அளவு வெற்று ஃபிலிமின் எடையைக் கழியுங்கள்.

கணக்கு: காய்ந்த படலம் 0.546 கிராம், திடப்பொருள் எடையில் 52% என்றால் ஈர எடை 1.05 கிராம். அடர்த்தி 1.40 என்றால் கன அளவு 0.75 மில்லி. 100 ச.செ.மீ. பரப்பில் அது 75 மைக்ரான், அதாவது பரப்பு வீதம் (ஒரு லிட்டர் மூடும் பரப்பு) லிட்டருக்கு 13.3 ச.மீ.

பிறகு அதே துண்டைக் கறுப்புத் தகட்டிலும் வெள்ளைத் தகட்டிலும் வைத்து நான்கு இடத்தில் ஒய் எடுங்கள். இங்கேயும் அடியில் எம்டிஓ சொட்டு வேண்டும். காற்று சிக்கினால் கறுப்பின் மேல் ஒய் ஏறி, ரேஷியோ பொய்யாகக் கூடும். 100, 150, 200 பார்களில் இழுத்து, ச.மீ./லிட்டருக்கு எதிரே ரேஷியோவை வரைந்து, இரண்டு பேட்சையும் ஒரே வீதத்தில், 12 என்று வைத்துக்கொள்ளுங்கள், படியுங்கள்.

எமல்ஷன்லேப்:
கார்டையே ஈரத்தில் எடை போட்டால் வேலை சுலபம் இல்லையா?

படலம்:
தராசில் வைத்து எண் நிற்பதற்குள் தண்ணீர் பறக்கும். எடை குறைவாக வரும், பரப்பு வீதம் கூடுதலாகத் தெரியும். கார்டு தண்ணீர் குடித்து வளைவது வேறு. தினசரி பேட்ச் சோதனைக்கு ஸ்டாண்டர்டையும் சாம்பிளையும் ஒரே கார்டில் பக்கம் பக்கமாக ஒரே இழுப்பில் இழுத்துப் பார்க்க மட்டும் கார்டு போதும்.

பிக்மென்ட்_பிவிசி:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். கால்சைட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, பைண்டர் (துகள்களைப் பிணைக்கும் ரெசின்) 1.5க்குப் பக்கம், ரூட்டைல் (டைட்டானியம் டையாக்சைடின் வகை) 2.7. பைண்டருக்குள் கால்சைட் தனியாக மறைக்காது. ஆனால் பைண்டர் போதாமல் கிரிட்டிகல் பிவிசியை (துகள்களின் இடைவெளியை நிரப்ப பைண்டர் சரியாகப் போதுமான பிக்மென்ட் கன அளவு வரம்பு) தாண்டினால் படலத்தில் காற்றுப் பொத்தல் விழும், அந்தக் காற்றே ஒளியைச் சிதறடிக்கும். ரேஷியோ ஏறும், ஸ்க்ரப் (தேய்த்துக் கழுவினால் தாங்கும் திறன்) விழும். சோதிக்க, கறுப்புப் பக்கத்துக் காய்ந்த படலத்தில் ஒரு சொட்டு எம்டிஓ விடுங்கள். அந்த இடம் கறுத்துத் தெரிந்தால் மறைத்ததில் பெரும்பங்கு காற்றுதான், டைட்டானியம் இல்லை.

அடுத்து, வெள்ளையின் மேல் உள்ள ஒய்யையும் தனியாகக் குறித்து வையுங்கள். துளி கறுப்பு டின்டர் (நிறப் பசை) போட்டாலே ரேஷியோ ஏறிவிடும், வெண்மைதான் போகும். 98 வந்தாலும் அந்த ஒய் ஸ்டாண்டர்டைவிட இறங்கியிருந்தால் பேட்சை நிறுத்துங்கள்.