காணி விலையை ஒரு நிமிடத்தில் சொல்லுமாம்

கனகராயன்கரை:
நேற்றுக் கிளிநொச்சியில் காணி வியாபாரிகளின் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், "செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் காணி விலை சொல்லும். இந்த வருடமே மாறாத முதலாளி கடையைப் பூட்டவேண்டியதுதான்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. 22 வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். ஒரு நிமிடமாம்! அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணியா, சொந்தப் பத்திரமுள்ள உறுதிக் காணியா என்று யார் பார்ப்பது?

பரந்தன் சந்தி:
அண்ணை, உண்மையைத்தானே சொன்னார். எங்கள் அலுவலகத்தில் பாவிக்கிறோம். ஏ9 வீதியோரம் விற்ற விலைகளைக் கொடுத்தால் ஒரு நிமிடம்கூட எடுக்காது. சிங்களக் கடிதத்தையும் தமிழாக்கித் தருகிறது. நீங்கள் இன்னும் கொப்பியில் எழுதுகிறீர்கள், அதுதான் கோபம்.

கனகராயன்கரை:
என் கொப்பியை இழுக்காதே தம்பி. உறுதியில் எழுதுகிற விலையும் கைமாறுகிற காசும் ஒன்றா? போன மாதம் மாங்குளத்தில் ஒரு காணிக்கு மென்பொருள் வீதியோர விலை போட்டது. போய்ப் பார்த்தால் பெர்மிற். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டக் காணி, பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் விற்க முடியாது. முற்பணம் கொடுத்திருந்தால் அந்தச் சனம் எங்கே போகும்? உறுதிக் காணி என்றாலும் தேசவழமை, அதாவது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம் இருக்கிறது, விற்கமுன் பங்காளியைக் கேட்க வேண்டும். ஒரு நிமிடத்தில் கேட்பாயா?

நெடுங்கேணி அக்கா:
அப்பாவின் உறுதியை 2009இல் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினோம். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே இல்லை. வடக்கெல்லை ஒரு பாலைமரம், அதுவும் இப்போது இல்லை. மென்பொருளுக்குப் படமெடுத்துக் கொடுத்தேன், 3 பரப்பை 8 பரப்பு என்று வாசித்தது. முதலாளிமார் முடிந்துபோன பழைய கோப்புகளைக் கொடுத்து முதலில் சோதித்துப் பார்க்கட்டும். கடைசிச் சொல் காணியில் கால் வைத்த ஆளுடையதாக இருக்கட்டும்.

பரந்தன் சந்தி:
அக்கா, வன்னியில் ஏக்கர்தான் கணக்கு. பரப்பு யாழ்ப்பாணத்தார் பேச்சு.

நெடுங்கேணி அக்கா:
எங்கள் உறுதியில் பரப்பு என்றுதான் இருக்கிறது. 16 பரப்பு ஒரு ஏக்கர். நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.

ரொறன்ரோ வவுனியன்:
இங்கே கணினி இல்லாமல் யாரும் வீடு வாங்குவதில்லை. நீங்கள் பின்தங்கியே இருங்கள்.

கனகராயன்கரை:
உங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். அமெரிக்காவின் சில்லோ என்ற வீட்டு விற்பனை இணைய நிறுவனம், கணினி போட்ட விலையை நம்பி வீடுகளை வாங்கிக் குவித்தது. 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. 30 கோடி டொலருக்கு மேல் இழப்பு, ஊழியர்களில் நான்கில் ஒரு பங்குக்கு வேலை போனது. எல்லா வீடும் பதிவிலுள்ள நாட்டிலேயே அந்தக் கதி. கடிதம் எழுதவும் கோப்புத் தேடவும் கொடு, நானும் வருகிறேன். விலை சொல்ல விடமாட்டேன்.

ரொறன்ரோ வவுனியன்:
ஒரு நிறுவனம் விழுந்தால் எல்லாம் பிழையா?

பரந்தன் சந்தி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். அண்ணைக்குத் தரகுக்காசு குறையும் என்ற பயம். போன வருடம் தரகு வீதம் பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் பாய்ந்தார்.

கனகராயன்கரை:
தரகை ஏன் இழுக்கிறாய்? அன்று நீ எழுதியதும் பிழை, இன்று எழுதுவதும் பிழை. பெர்மிற்றா, உறுதியா? இதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பரந்தன் சந்தி:
விலையை ஒரு நிமிடத்தில் சொல்லும் என்றுதான் சொன்னேன். சொல்லும்.