ஜியோடெசிக் என்பதற்கு ‘நேர்த்தடம்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

அதிபரவளைவுப் பரப்புகளில், அதாவது எங்கும் வளைமை −1 ஆன பரப்புகளில், உள்ள ஜியோடெசிக்குகளுக்குக் ‘குறுந்தடம்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. ஓசை நயமுள்ள சொல்தான். ஆயினும் அதில் பொருட்குறை உண்டு. ஜியோடெசிக்கின் இலக்கணம் குறுமையன்று, திரும்பாமை. பரப்பை விட்டு அகலாமல், இடமோ வலமோ சற்றும் திரும்பாமல் செல்லும் பாதையே அது. அதன் மீது மிக அருகிலுள்ள இரு புள்ளிகளுக்கு அதுவே குறுகிய வழி என்பது உண்மை. புள்ளிகள் விலகிய பின் அந்த உறுதி கிடையாது. கோளத்தின் பெருவட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட வில்லும் ஜியோடெசிக்தான், ஆனால் எஞ்சிய வில்லே குறுகியது.

வளைமை −1 ஆன மூடிய (விளிம்பற்ற, முடிவுள்ள) பரப்பில், புள்ளியாகச் சுருக்க முடியாத ஒரு கண்ணியை அறுக்காமல் நகர்த்திப் பெறும் வளைவரைகளுள் மிகக் குறுகியது ஒன்றே ஒன்று உண்டு, அதுவே மூடிய ஜியோடெசிக் என்று இதற்கு மறுப்புக் கூறலாம். சரியே. ஆனால் அது தேற்றம், வரையறையன்று. தேற்றத்தைச் சொல்லுக்குள் புகுத்திவிட்டால், அது பொருந்தாத கோளத்துக்கு வேறொரு சொல்லைத் தேட நேரும். எனவே ‘நேர்த்தடம்’ என்பதையே முன்மொழிகிறேன். ‘புவி’ என்று தொடங்கும் ஆக்கங்கள் நில அளவைக்கு உரியவை, இங்கே வேண்டா.

அடைமொழிகளில் இன்னும் கவனம் தேவை. ஒரே தடத்தைப் பலமுறை சுற்றி வருவதாக அமையாத மூடிய நேர்த்தடத்தைப் ‘பகா நேர்த்தடம்’ என்போம். இது வெறும் உவமையால் வந்த பெயரன்று. திசையையும் கணக்கில் கொண்டு, ஒவ்வொரு தடத்துக்கும் அதன் நீளத்தின் அடுக்குக்குறிச் சார்பை ‘அளவு’ எனக் கொண்டால், ஓர் எல்லைக்குட்பட்ட பகா நேர்த்தடங்களின் எண்ணிக்கை, அவ்வெல்லையை அதன் இயல் மடக்கையால் வகுத்த ஈவை ஒத்து வளர்கிறது. பகா எண் தேற்றத்தின் வடிவமும் இதுவே. ரீமான் சீட்டா சார்பு பகா எண்களின் மீதான பெருக்கமாக அமைவதுபோல், செல்பெர்க் சீட்டா சார்பு இத்தடங்களின் மீது அமைகிறது. ‘பகா’ என்னும் ஈரெழுத்து இவ்வளவையும் சுமப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

தன்னைத்தானே வெட்டாத தடத்தை ‘எளிய’ என்று குறிப்பது போதாது. ‘தன்வெட்டிலா நேர்த்தடம்’ என்றே எழுதலாம். இவை அரியவை: மூடிய நேர்த்தடங்கள் மொத்தத்தில் அடுக்குக்குறி வேகத்தில் பெருக, இரு துளைகளுள்ள மூடிய பரப்பில் இவற்றின் எண்ணிக்கை நீளத்தின் 6ஆம் படியாகவே பெருகும் என்பது கணிதவியலர் மிர்சாகானி நிறுவிய பொது முடிவின் ஒரு பகுதி.

இனி மாலைகள், அதாவது ஸ்பெக்ட்ரங்கள். பரப்பின் இயல்பான அதிர்வுகளைக் குறிக்கும் எண்களான, லாப்லாஸ் செயலியின் ஐகென் மதிப்புகளுக்கு வழங்கும் ‘நிறமாலை’ அப்படியே நிற்கட்டும். மூடிய நேர்த்தடங்களின் நீளங்களை, ஒரே நீளம் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறையும் எண்ணி வரிசைப்படுத்திய தொகுதியை ‘நீளமாலை’ எனலாம். மூடிய அதிபரவளைவுப் பரப்பில் இவ்விரண்டும் ஒன்றையொன்று முழுமையாகத் தீர்மானிக்கின்றன என்று ஹூபர் 1959இல் காட்டினார்; 1956இல் வந்த செல்பெர்க்கின் சுவட்டு வாய்பாடு அவற்றை ஒரே சமன்பாட்டில் இணைத்தது. இந்த உறவைச் சொல்லிலேயே காட்டுவதால்தான் ‘நீளத்தொகுதி’ என்பதைவிட ‘நீளமாலை’ மேலானது. இரு மாலைகளும் ஒத்திருந்தும் வடிவில் வேறுபடும் பரப்புகளை 1980இல் விக்னேராஸ் கட்டமைத்தார். அவற்றுக்கு ‘ஒத்தமாலைப் பரப்புகள்’ என்ற பெயர் தானே அமைந்துவிடுகிறது.