ஆப்பிள் கணக்கில் மிச்சம் 487 ரூபாய், நாடு மாற்றுவதற்குள் எதில் செலவழிக்கலாம்?

கொங்குப்பையன்:
வணக்கம். படிப்புக்காக டொராண்டோ வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே கணக்கு தொடங்கிய வங்கியின் ஆப் கனடா ஆப் ஸ்டோரில் மட்டும்தான் இருக்கிறது, என் ஐபோன் கணக்கோ இன்னும் இந்தியாவில் நிற்கிறது. நாட்டை மாற்றப் போனால், முதலில் மீதித் தொகையைச் செலவழித்து முடி என்று வருகிறது. ஊரில் இருந்தபோது யுபிஐ மூலம் போட்டு வைத்ததில் 487 ரூபாய் மிச்சம். அம்மா அனுப்பிய பணம், வீணாக்க மனசு வரவில்லை. அம்மா கணக்குக்கு மாற்றவும் வழியில்லை. உருப்படியாக எதில் செலவழிக்கலாம்? கிளவுட் இடமோ பாட்டுச் சந்தாவோ வாங்கிவிடலாமா?

வடசென்னை_வாசகி:
தம்பி, சந்தா பக்கம் மட்டும் போகாதீங்க! காசு தீர்ந்துவிடும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சந்தாவும் நாடு மாற்றத் தடைதான், ரத்து செய்தாலும் அந்தக் காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். 2023ல் சிங்கப்பூர் வந்த புதிதில் நான் ஒரு மாதச் சந்தா போட்டுவிட்டு நான்கு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாடகைக்குப் படம் எடுப்பதும், முன்பதிவில் எதையாவது வாங்குவதும் அதே கதை. ஒரே தடவை பணம் கட்டி நம்முடையதாகிற பொருளாகப் பாருங்க. வரைய ஆசை இருந்தால் புரோக்ரியேட் பாக்கெட் அப்படிப்பட்டதுதான். தினமும் திறக்கிற ஆப் ஏதாவது விளம்பரத்தோடு வந்தால், அதை நீக்க ஒருமுறைக் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்க, அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. விளையாட்டுக் காசு வாங்காதீங்க, இரண்டே நாளில் கரைந்துவிடும்.

நாஞ்சில்காரன்:
அக்கா சொன்னது சரி. கூட ஒன்று: வாங்கும் முன் அந்த ஆப் கனடா ஸ்டோரிலும் இருக்கிறதா என்று அங்கே இருக்கிற நண்பர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாடு மாறிய பிறகு போனில் இருப்பது இருக்கும், ஆனால் அழித்துவிட்டால் திரும்ப இறக்க முடியாமல் போகலாம். குடும்பப் பகிர்வுக் குழுவில் உறுப்பினராக இருந்தால் அதுவும் தடுக்கக்கூடும், விலகிவிடுங்கள். கனடா முகவரியும் அங்கே செல்லும் ஒரு கார்டும் கையில் இருக்கட்டும்.

வங்கி ஆப் அவசரமென்றால் நாட்டை மாற்றாமலே ஒரு வழி உண்டு. கனடா முகவரியில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கி, செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டினால் மீடியா, பர்ச்சேஸ் என்று ஒரு பகுதி வரும், அதில் மட்டும் பழைய கணக்கிலிருந்து வெளியேறிப் புதியதில் நுழையுங்கள். புகைப்படம், தொடர்பு எண்கள் எல்லாம் பழைய கணக்கிலேயே இருக்கும். நான் துபாயில் இரண்டு வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன்.

கொங்குப்பையன்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. 399க்கு ஒரு குறிப்பெழுதும் ஆப் வாங்கினேன், வகுப்பில் இன்றைக்கே பயன்பட்டது. அப்புறம் 79க்கு, நானும் அம்மாவும் ராத்திரி ஆடுகிற சொல் விளையாட்டில் என் போனில் விளம்பரத்தை எடுத்துவிட்டேன். இப்போது 9 ரூபாய் நிற்கிறது. அதற்கு என்ன கிடைக்கும்?

வடசென்னை_வாசகி:
ஒன்றும் தேட வேண்டாம். எதையும் வாங்கப் போதாத சில்லறை என்றால் ஆப்பிள் சப்போர்ட்டில் சொன்னாலே போதும், நீக்கிக் கொடுப்பார்கள். அந்த 9 ரூபாய் திரும்பி வராது, அதற்குச் சம்மதமா என்று கேட்பார்கள். இன்னொன்று, வாங்கிய இரண்டில் எதற்கும் இப்போது பணம் திரும்பக் கேட்காதீங்க, அது மறுபடி கணக்கிலேயே வந்து விழும், முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மாடித்தோட்டம்:
ஆண்ட்ராய்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: கூகுள் பிளேயில் மிச்சம் இருந்தாலும் நாட்டை மாற்றலாம், ஆனால் பழைய நாட்டுக் காசு புதிய நாட்டில் செல்லாது. வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். கருத்துக்கணிப்புக்குப் பதில் சொன்னால் காசு தரும் கூகுளின் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் ஆப்பில் சேர்ந்த காசு ஒரு வருடத்தில் காலாவதியாகும், அதனால் கிளம்புவதற்கு முன்பே செலவழித்துவிடுங்கள்.

கொங்குப்பையன்:
சாட்டில் சொன்னேன், 9 ரூபாயை நீக்கிவிட்டார்கள். நாடு மாறிவிட்டது, வங்கி ஆப் இறங்கிக்கொண்டிருக்கிறது.