மெல்பர்னில் புது வீடு கட்டப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்

வேலை நிலைத்து, பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கைக்கு வந்த கையோடு டார்னீட், ட்ருகனினா, கிளைட், டானிபுரூக் என்று புறநகர் புறநகராக டிஸ்ப்ளே ஹோம், அதாவது கட்டுபவர்கள் காட்சிக்கு வைக்கிற மாதிரி வீடு, பார்க்கக் கிளம்பிவிடுவது நம்மவர் வழக்கம். புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்பதால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாம் விக்டோரியா மாநிலக் கணக்கு. சிட்னி, பிரிஸ்பேன், பெர்த்தில் சட்டமும் தொகையும் வேறு. அலைச்சலும் மனக்கஷ்டமும் மட்டும் ஏறத்தாழ இதேதான்.

ஊரில் வீடு கட்டுவது என்றால் கூடவே நிற்பது. அப்பா காலையில் போய் மேஸ்திரியிடம் பேசுவார், செங்கலைத் தட்டிப் பார்ப்பார், சாயங்காலம் சுவருக்குத் தண்ணீர் அடிப்பார். ஜன்னலை இரண்டடி தள்ளி வைக்கத் தோன்றினால் அன்றைக்கே தள்ளி வைத்துவிடலாம். இங்கே அது நடக்காது. ஒப்பந்தம் போட்டு, டைல்ஸ், குழாய் எல்லாம் தேர்ந்தெடுக்கிற கலர் செலக்‌ஷன் முடிந்து, வரைபடம் இறுதியாகிவிட்டால் நீங்கள் சொல்வதற்கு அதிகம் மிச்சம் இருக்காது. ஒரு பவர் பாயிண்டை இடம் மாற்றக் கேட்டாலும் வேரியேஷன் என்று தனித்தாள், தனிக் கட்டணம். ஊரில் கட்டும்போது காட்டுகிற கவனம் முழுவதையும் இங்கே காகிதத்தில், கட்டுவதற்கு முன்பே காட்டியாக வேண்டும். அதனால்தான் கீழே பாதிக்கு மேல் காகிதக் கதையாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ப்ளே ஹோமில் நீங்கள் பார்க்கிற உயரமான கூரை, கல் பதித்த சமையல் மேடை, பெரிய கதவு, வரிசையாக எரிகிற விளக்கு எல்லாம் பெரும்பாலும் அப்கிரேட். வாசலில் எழுதியிருக்கிற விலைக்கு அவை வராது. விற்பனையாளரிடம் ‘இது சேருமா, அது சேருமா’ என்று ஒவ்வொன்றாகக் கேட்பதைவிட, அடிப்படை விலையில் என்னென்ன வராது என்று அறை அறையாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பே கிடையாது. பேசி முடித்த அன்றே ‘நீங்கள் இன்னின்னது சொன்னீர்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். வேலி, டிரைவ்வே, கொசுவலை, திரைச்சீலை, தபால் பெட்டி, துணி உலர்த்தும் கம்பி, ஏசி என்று தனித்தனியாகப் பார்த்தால் சில்லறைதான். கூட்டிப் பாருங்கள், தலை சுற்றும். ஒப்பந்தத்தில் ‘பிரைம் காஸ்ட்’, ‘பிரொவிஷனல் சம்’ என்று வருகிற வரிகளெல்லாம் உத்தேசத் தொகைகள். கடைசியில் ஏறினால் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அடுத்தது மண். மெல்பர்னின் மேற்குப் பக்கம் முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி. மேலே களிமண், கீழே பாறை. இந்தக் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். நம் ஊர்க் கரிசல் மண்ணைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மண்ணைச் சோதித்து ஏ, எஸ், எம், ஹெச்1, ஹெச்2, இ, பி என்று வகை பிரிப்பார்கள். ஏயில் அசைவு கிட்டத்தட்ட இல்லை, இ வரை போகப்போக மோசம், பி என்றால் மண்ணில் வேறு சிக்கல். வகைக்கு ஏற்ப ஸ்லாப், அதாவது வீடு உட்காருகிற கான்கிரீட் தளம், கனமாகும், கம்பி கூடும், பாறை வந்தால் உடைக்கிற கூலி தனி. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் சைட் காஸ்ட் என்பார்கள். மனை சரிவாக இருந்தால் அதற்கும் கூடுதல். ‘உத்தேச சைட் காஸ்ட்’ என்று போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மண் பரிசோதனை முடிந்து, பாறை உட்பட நிலையான தொகை என்று எழுத்தில் வரட்டும். இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பணம் எப்படிப் போகும் என்று பலர் கேட்கிறார்கள். 1995ஆம் ஆண்டு வீட்டுக் கட்டுமான ஒப்பந்தச் சட்டப்படி வழக்கமான பங்கீடு இது: முன்பணம் 5 சதவீதம், ஸ்லாப் போட்டதும் 10, ஃப்ரேம் (வீட்டின் மரச்சட்டம்) ஏறியதும் 15, கூரையும் கதவு ஜன்னலும் வந்து பூட்டுகிற நிலை, அதாவது லாக்கப்பில் 35, உள்வேலை முடிந்ததும் 25, கடைசியில் 10. இதை மாற்றி வேறு பங்கீடு எழுதித் தந்தால் ஏன் என்று கேளுங்கள். வங்கி எடுத்துக்கொடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி போடும், ஆனால் நிலத்துக்கான வட்டி முதல் நாளே ஓட ஆரம்பிக்கும். அந்தக் காலம் முழுக்க வாடகையும் உண்டு. ஊருக்கு மாதாமாதம் அனுப்புகிற பணத்தையும் சேர்த்து எழுதி, மூன்றையும் ஒரே சம்பளத்தில் சமாளிக்க முடியுமா என்று முன்கூட்டியே வாழ்ந்து பாருங்கள். வரப்போகும் தவணைத் தொகையைச் சில மாதம் தனிக் கணக்கில் போட்டு, மீதியில் குடும்பம் நடத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதி கையில் கிடைத்த பிறகு 5 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் விலகலாம். சிறு தொகை பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நிலத்துக்கு இந்த அவகாசம் 3 வேலை நாள். நிலம் ‘டைட்டில்’ ஆகிவிட்டதா, அதாவது தனி மனையாகப் பதிவாகிவிட்டதா என்றும் பாருங்கள். ஆகாத மனைகளை மலிவாகத் தருவார்கள், ஆனால் சாலையும் சாக்கடையும் போட்டுப் பதிவாகும் தேதியை டெவலப்பர் தள்ளிக்கொண்டே போகலாம். அதற்குள் கட்டுமான விலை ஏறிவிட்டால் ஒப்பந்தம் மறுபடி பேச்சுக்கு வரும்.

கட்டுபவர் திவாலானால்? இது வெறும் பயமுறுத்தல் இல்லை. போர்ட்டர் டேவிஸ் என்ற பெரிய நிறுவனம் 2023 மார்ச் 31 அன்று கலைப்புக்குப் போனபோது விக்டோரியா, குயின்ஸ்லாந்தில் ஏறத்தாழ 1,700 வீடுகள் பாதியில் நின்றன. அதைவிட மோசம், முன்பணம் கட்டிய நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காப்பீடே எடுக்கப்படவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் மாநில அரசு தலையிட்டு உதவித் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே வீட்டுக் கட்டுமானக் காப்பீட்டுச் சான்றிதழ் உங்கள் பெயரில், உங்கள் மனை முகவரியில் கைக்கு வராமல் ஒரு டாலர் முன்பணம் தராதீர்கள். வந்த சான்றிதழ் உண்மையானதா என்று காப்பீடு கொடுத்த இடத்திலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள். ‘நம்ம தமிழ் ஆள்தான், பார்த்துக்கொள்வார்’ என்ற பேச்சுக்கும் இதே விதிதான்.

தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு: 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை பழைய வீடு வாங்கத் தடை இருக்கிறது. காலி மனை வாங்கிக் கட்டலாம், அதற்கு வெளிநாட்டு முதலீட்டு அனுமதி வேண்டும், 4 ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். விக்டோரியாவில் முத்திரைத் தீர்வைக்கு மேல் கூடுதலாக 8 சதவீதம் வேறு. என் கருத்து, பிஆர் வரும்வரை வாடகை வீட்டிலேயே இருங்கள். பிஆர் இருந்தால், 7,50,000 டாலருக்கு மேல் போகாத முதல் புது வீட்டுக்கு 10,000 டாலர் மானியமும் கிடைக்கும்.

சரி, சமையலறைக்கு வருவோம். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்கு 2024 ஜனவரி 1 முதல் எரிவாயு இணைப்பு கிடையாது. புதுக் குடியிருப்புகளில் எல்லாமே மின்சாரம்தான். அதாவது இண்டக்‌ஷன் அடுப்பு. இரும்பு தோசைக்கல் அருமையாக வேலை செய்யும். ஈயச்சொம்பு, மண்சட்டி, பித்தளை உருளி, அம்மா கொடுத்தனுப்பிய அலுமினிய இட்லிப் பானை எதுவும் சூடாகாது. தாளிக்கிற புகை வீட்டுக்குள்ளேயே சுற்றாமல் இருக்க, அடுப்புக்கு மேலே வருகிற ரேஞ்ச் ஹூட் வெளியே காற்றைத் தள்ளுகிற வகையா, வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிற வகையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெட் கிரைண்டர் வைக்கப் போகிற இடத்தில் பவர் பாயிண்ட் வேண்டும், மேலே இருக்கிற அலமாரி இடிக்காத உயரமும் வேண்டும். கிரைண்டரின் மூடியைத் திறந்தபடி டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். சமையலறையில் தரை வடிகால் இருக்காது, வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது என்பதை ஊரிலிருந்து வரும் பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கழிவறையில் ஹெல்த் ஃபாசெட் வேண்டுமென்றால் பிளம்பிங் குழாய் ஓட்டும் முன்பே தண்ணீர் இணைப்பு கேளுங்கள். அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பாதபடி தடுப்பு வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதனால் உரிமம் பெற்ற பிளம்பர்தான் பொருத்த வேண்டும். பூஜை அறை என்று வரைபடத்தில் எதுவும் இருக்காது. படிப்பு மூலையையோ துணி வைக்கும் சிறு அறையையோ கேட்டு மாற்றலாம், ஆனால் புகை எச்சரிக்கைக் கருவி எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஒரு கருவி சாம்பிராணிக்குக் கத்தினால் இணைப்பில் இருக்கிற மற்றதெல்லாம் சேர்ந்து கத்தும். ஊஞ்சல் ஆசை, பிள்ளைக்குத் தூளி கட்டுகிற ஆசை இருந்தால் அதையும் ஃப்ரேம் போடும் முன்பே சொல்லுங்கள். கூரைக்குள் கனமான கட்டை வைத்துக் கொடுப்பார்கள். பிளாஸ்டர் பலகையில் கொக்கி அடித்தால் கொக்கியோடு கையில் வரும்.

வாஸ்து பற்றி. கிழக்குப் பார்த்த மனை நம் ஆட்களிடையே சீக்கிரம் போய்விடும், தெரிந்ததுதான். எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. பெற்றோருக்கு இருந்தால் சண்டை போட மாட்டேன். ஆனால் இது தெற்கு அரைக்கோளம், சூரியன் வடக்கு வழியாகப் போகிறது. ஹாலுக்கு வடக்கில் பெரிய ஜன்னல் இருந்தால் ஜூன், ஜூலைக் குளிரில் வெயில் உள்ளே வந்து விழும். மேற்கே பெரிய கண்ணாடி வைத்தால் 40 டிகிரி அடிக்கிற சாயங்காலங்களில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். வாசல் எந்தத் திசை என்று ஒரு மாதம் விவாதிக்கிறவர்கள் ஜன்னல் எந்தத் திசை என்று ஒரு நிமிடம்கூடக் கேட்பதில்லை. மாதா மாதம் பில் கட்டப் போவது ஜன்னலுக்குத்தான்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி. கட்டும் காலத்தில் மனை உங்களுடையது, ஆனால் நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது, கட்டுபவரிடம் முன்கூட்டிச் சொல்லித்தான் போக வேண்டும். மற்ற நாட்களில் கம்பி வேலிக்கு வெளியே நின்று கைபேசியில் படம் எடுக்கலாம், அவ்வளவுதான். சைட் சூப்பர்வைசர் வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே பெரிது. எங்களுக்கு ஃப்ரேம் ஏறி, கூரை வராமல் வாரக்கணக்கில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. பக்கத்து மனையில் அதற்குள் ஓடு ஏறிவிட்டது. கேட்டால் ‘டிரேட்ஸ் கிடைக்கவில்லை’, அதாவது வேலைக்கு ஆள் இல்லை என்று ஒரே பதில். வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். ஃப்ரேமைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “என்னப்பா, தீக்குச்சி அடுக்கின மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு லோனு?” என்றார். பாரத்தைத் தாங்குவது மரச்சட்டம், வெளியே தெரிகிற செங்கல் வெறும் போர்வை, இங்கே எல்லா வீடும் இப்படித்தான் என்று விளக்கினேன். “செங்கல் பாரம் தாங்கலன்னா அப்புறம் அது எதுக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் நல்ல பதில் இல்லை.

பெற்றோருக்கு ஒவ்வொரு கட்டத்தையும் காட்டாதீர்கள். இது கொஞ்சம் கல்நெஞ்சாகத் தெரியும். ஆனால் அவர்கள் கேட்கிற கேள்வி எல்லாம் ஊர்க் கட்டடத்தை மனதில் வைத்து வரும், நாமோ ஏற்கெனவே தூக்கம் கெட்டுக் கிடப்போம். கணவன் மனைவிக்குள் சண்டை வரும் இடம் கலர் செலக்‌ஷன். ஒரே நாளில் டைல்ஸ், கைப்பிடி, குழாய், கதவு என்று முடிவெடுக்கச் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் விலை ஏறும். போவதற்கு முந்தைய இரவே மொத்த உச்சவரம்பை இருவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். கட்டுமானத்துக்குள் போகிற விஷயத்துக்குச் செலவழியுங்கள். விளக்கு, திரைச்சீலை, பெயிண்ட் எல்லாம் பிறகு மாற்றலாம்.

உங்கள் சார்பில் தனி இன்ஸ்பெக்டர் ஒருவரை வையுங்கள். கட்டட அனுமதி தருகிற பில்டிங் சர்வேயரின் சோதனை சட்டத்துக்காக, உங்களுக்காக அல்ல. ஸ்லாப் ஊற்றும் முன், ஃப்ரேம், லாக்கப், ஹேண்டோவர் (வீட்டை ஒப்படைக்கும் நாள்) என்று கட்டத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். வருவதைக் கட்டுபவரிடம் ஒப்பந்தம் போடும்போதே சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டர் தருகிற அறிக்கையைக் கட்டுபவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அடுத்த தவணையைப் பற்றிப் பேசுங்கள்.

கிரகப்பிரவேசத் தேதி. ஹேண்டோவர் தேதியை நம்பி அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். தைக்கு முடியும் என்பது ஆடிக்குப் போய் நின்றால் ஆவணி வரை காத்திருக்க வேண்டிவரும். வாடகை ஒப்பந்தக் காலம் முடிந்து மாதாமாதம் ஓடுகிற வீட்டுக்கு 28 நாள் நோட்டீஸ் போதும், குடிபுகும் சான்றிதழ் கையில் வந்தபிறகு கொடுங்கள். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலிலோ சன்ஷைன் முருகன் கோவிலிலோ கேட்டால் அர்ச்சகர் கிடைப்பார். ஹோமத்தை கராஜில் கதவைத் திறந்து வைத்துச் செய்பவர்கள்தான் அதிகம். பால் காய்ச்சும்போது ஒன்று: பல இண்டக்‌ஷன் அடுப்புகள் மேலே பால் வழிந்ததும் கீச்சிட்டுக்கொண்டு தானாக அணைந்துவிடும். சாஸ்திரிகள் பதறினால், பொங்கிவிட்டதே, அது போதும் என்று சொல்லிவிடுங்கள்.

குடிபோன பிறகும் கட்டுபவரோடு உறவு முடிவதில்லை. முதல் சில மாதங்களில் தெரிகிற குறைகளை வந்து சரிசெய்யும் காலக்கெடு ஒப்பந்தத்தில் இருக்கும். பெரும்பாலும் மூன்று மாதம். கதவு உரசுவது, டைல்ஸ் இடைவெளி, சுவர் மூலையில் மயிரிழை விரிசல் என்று எதைப் பார்த்தாலும் படமும் தேதியுமாகச் சேர்த்து, கெடு முடிவதற்கு முன்பே ஒரே பட்டியலாக அனுப்புங்கள். களிமண் வீடுகளில் ஸ்லாப் ஓரமாக மரம் வைக்காதீர்கள், தோட்டத் தண்ணீர் அங்கே தேங்கவும் விடாதீர்கள். முருங்கை ஆசையைத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையும் தொட்டியில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் மே மாதம் வந்தால் அதை வீட்டுக்குள் தூக்கி வைக்கிற வேலை இருக்கிறது.