குரூப் 11.2 மி.மீ.யா, 6.7 மி.மீ.யா? சராசரியில் எதைச் சேர்ப்பது?

காரைக்குடி_வளவு:
எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேராக 10 மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. கடைசிச் சுவரில் குண்டு வாங்க இரும்புப் பெட்டி. ஆச்சி அடுப்படியை விட்டு வரமாட்டார்கள் என்று உறுதியான பிறகுதான் ரைபிளைத் தொடுவேன்!

.177 (4.5 மி.மீ.) ஏர் ரைபிள், தட்டைத் தலை பெல்லட் குண்டு. ஐந்து குண்டு குரூப்பை, அதாவது ஒரே குறியில் சுட்ட ஐந்து ஓட்டைகளின் பரவலை, வெர்னியரில் ஓரத்துக்கு ஓரம் அளந்தால் 11.2. அதே தாளை நண்பர் 6.7 என்கிறார். அவர் முறையில் ஐந்து தாள்கள்: 6.7, 8.1, 7.4, 12.3, 7.0. அந்த 12.3 ஒரு குண்டு விலகியதால் வந்தது. அதை விட்டால் சராசரி 7.3, சேர்த்தால் 8.3. எதைச் சொல்வது?

பள்ளத்தூர்:
நண்பர் கணக்கு சரி. மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி ஓரங்களை அளந்து, ஒரு குண்டின் விட்டம் 4.5ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது மையத்துக்கு மையம். ஆனால் தாள் கிழிந்தோ சுருங்கியோ ஓட்டை 4.5ஆக இருக்காது. அதே தாளின் ஓரத்தில் தனியாக ஒன்று சுட்டு, அந்த ஓட்டையை அளந்து கழியுங்கள்.

தேவகோட்டை_பெரியவர்:
தம்பி, 8.3தான். வாராக் கடனை விட்டுவிட்டு லாபம் எழுதுவார்களா நம் ஊரில்? துப்பாக்கியை மேசையில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியிலும் ஐந்து குண்டு குரூப் ஐந்து சுட்டால் ஐந்தையும் கூட்டித்தான் சராசரி. பிடிக்காததை விலக்க முடியாது. சிறந்த குரூப்பை மட்டும் படம் போடுகிறவர்களை நான் நம்புவதே இல்லை.

அப்புறம், 10 குண்டு குரூப்பை இதோடு கலக்காதே. துப்பாக்கி அதேதான், ஆனால் குண்டு கூடக் கூட விலகல் கூடும். ஐந்தை விட 10 குண்டு குரூப் சராசரியில் ஏறக்குறைய கால் பங்கு பெரிதாக வரும். ஓரத்து இரண்டு குண்டுகளை மட்டும் பார்க்கும் அளவு இது, நடுவில் கிடக்கும் மற்றவை கணக்கில் வராது. பொறுமை இருந்தால் எல்லாக் குண்டுகளின் நடுப்புள்ளியைக் கண்டு, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று சராசரி எடு. அந்த எண் அவ்வளவு ஆடாது.

காரைக்குடி_வளவு:
சரி அண்ணே, 8.3 என்றே எழுதிக்கொள்கிறேன். எம்.ஓ.ஏ.வில் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) எவ்வளவு?

பள்ளத்தூர்:
10 மீட்டரில் ஒரு எம்.ஓ.ஏ. 2.9 மி.மீ. உங்களுக்குச் சுமார் 2.85. குரூப் சிறிதானால் மட்டும் போதாது. 10 மீட்டர் ரைபிள் தாளில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. குரூப் எங்கே விழுகிறது என்பதையும் தாளில் குறித்து வையுங்கள்.